மரத்தை வெட்டினால் நோய் போகுமா?

அவையோருக்கு வணக்கம். உள்ளே வரும்போது தேத்தண்ணி மேசையருகே ஓர் அம்மா என்னை மறித்தார். "தம்பி, லயத்துக்குப் பின்னால மரம் முழுக்க வௌவாலு தொங்குது. வெட்டிப்புட்டா நோய் வராதுல்ல?" என்றார். எழுதிக்கொண்டு வந்ததை மடித்து வைத்துவிட்டு அவருக்கே பதில் சொல்கிறேன்.

பேராதனைப் பூங்காவில் பழந்தின்னி வௌவால்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அவற்றின் எச்சத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேகரித்துச் சோதித்தார்கள். கொரோனா வகை வைரஸ்கள் இருந்தன. முடிவு வெளியானது 2018இல், கொவிட் வருமுன்பே. 2003இல் சார்ஸ் என்ற நுரையீரல் நோயின் வைரஸை இனங்கண்டவர்களில் ஒருவரான மலிக் பீரிஸும் அந்த ஆய்வில் இருந்தார். பேராதனையில் மருத்துவம் படித்தவர் அவர். பயந்துவிடாதீர்கள். எச்சத்தில் வைரஸ் இருப்பது வேறு, அது மனிதரைத் தொற்றுவது வேறு.

எந்த வைரஸ் எப்போது வெளியேறுகிறது என்று கவனிக்கும் இந்தக் கண்காணிப்பை வௌவாலைப் பிடிக்காமலே செய்யலாம். இருட்டோடு போய் மரத்தடியில் பிளாஸ்டிக் விரிப்பை விரித்துவிட்டு, இரை தேடிப் போனவை திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். அவை வந்து தொங்கியதும் விரிப்பில் பொட்டுப்பொட்டென்று சத்தம் கேட்கும். முகக்கவசமும் கையுறையும் போட்டவர் குந்தியிருந்து, விழுந்த சிறுநீரைச் சொட்டுச் சொட்டாக உறிஞ்சிச் சின்னக் குழாயில் விட்டு, குளிர்ப்பெட்டியில் வைப்பார். ஒருமுறை எடுத்தால் போதாது. குட்டி ஈனும் காலத்திலும் பழம் குறைந்த காலத்திலும் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். வைரஸ் வெளியேறுவது பருவத்துக்குப் பருவம் கூடிக் குறையும்.

அவுஸ்திரேலியாவில் 1996 முதல் 2020 வரையான தரவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். காடு அழிந்து இரை இல்லாமல் வௌவால்கள் பண்ணைப் பக்கம் ஒதுங்கியபோதுதான் ஹெண்ட்ரா என்ற வௌவால் வைரஸ் குதிரைகளுக்குப் பரவியது கூடியது. பூ நிறைந்த குளிர்காலங்களில் அது நின்றது. மரத்தை வெட்டினால் அந்தக் கூட்டம் இல்லாமல் போகாது அம்மா, பசியோடு உங்கள் கூரைக்குக் கிட்ட வரும்.

பங்களாதேஷில் நிபா என்ற இன்னொரு வௌவால் வைரஸ் மனிதருக்குப் பெரும்பாலும் பரவியது பச்சைப் பேரீச்சஞ் சாற்றினால். வௌவால்கள் இரவில் வந்து சாற்றை நக்குவதைக் கமராவில் பிடித்தார்கள். மூங்கில் தட்டி கட்டி மறைத்ததும் அவற்றால் பெரும்பாலும் சாற்றைத் தொட முடியவில்லை. இங்கேயும் சாறெடுக்கக் கித்துள் மரம் சீவுகிறோம். சாறு சேரும் முட்டியை மூடிக் கட்டுங்கள். காய்ச்சாமல் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

மரம் நிற்கட்டும். வௌவால் கடித்துப் போட்ட கொய்யாவைப் பிள்ளைகள் பொறுக்கித் தின்னாமல் பாருங்கள். வௌவால் செத்துக் கிடந்தால் கையால் தொடாமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். கூட்டமாக விழுந்து கிடந்தால் அன்றைக்கே சொல்லுங்கள்.