மேப் செத்தது, மூக்கு பிழைத்தது

வணக்கம் மக்களே. ஆமாம், இந்த முறையும் பவர் பேங்கை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் போனேன். திட்டுகிறவர்கள் இப்போதே திட்டி முடித்துக்கொள்ளுங்கள். முடிந்ததா? சரி. இன்று நான் தலைகுனிந்து உட்காரப் போவதில்லை. போன சனிக்கிழமை இருட்டப் போகிற நேரத்தில் மூன்று பேரைக் காட்டுக்குள்ளிருந்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தது யார் தெரியுமா? போன வீடியோவில் அடுக்குமாடி வாகன நிறுத்தத்தில் சொந்த வண்டியைத் தேடி 40 நிமிடம் சுற்றிய இதே ஆள்தான்.

நடந்தது இதுதான். மலைப்பாதையில் ஏறும்வரை பிரச்சினை எதுவும் இல்லை. உச்சியில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கில் படம் எடுத்தோம், திரும்பலாம் என்று எழுந்தபோது என் போன் உயிரை விட்டது. மற்ற இருவர் போனை வண்டியிலேயே வைத்துவிட்டார்கள். கடைசி ஆளின் போனில் சார்ஜ் இருந்தது, சிக்னல் இல்லை. சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், அது செயற்கைக்கோளிலிருந்து நேராக வருவது. மேப்பைத்தான் முன்கூட்டியே இறக்கி வைக்கவில்லை. அதனால் திரை முழுக்க வெறும் சாம்பல் நிறம், நடுவில் ஒரு நீலப் புள்ளி. நாங்கள் உலகத்தில் இருக்கிறோம் என்பது மட்டும் உறுதி. அந்தப் புள்ளியை நான்கு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம், அது ஏதோ பேசப் போகிறது என்பது மாதிரி.

அப்போதுதான் நான் சொன்னேன், "என் பின்னால் வாருங்கள்." இந்த வாக்கியத்தைச் சொல்ல நான் எத்தனை வருடம் காத்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது.

எப்படிக் கண்டுபிடித்தேன்? ஏறும்போது ஓடைச் சத்தம் இடது காதில் கேட்டது. அப்படியானால் இறங்கும்போது வலது காதில் கேட்க வேண்டும். அவ்வளவுதான் முதல் கணக்கு. இரண்டாவது, நான் நடக்கும்போது அடிக்கடி நின்று திரும்பிப் பார்ப்பேன், பழைய வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். "யாரையோ தேடுகிறாயா" என்று ஒருவர் கேட்டிருந்தார். யாரையும் தேடவில்லை. போகிற வழியும் வருகிற வழியும் ஒன்றில்லை. ஒரு மரம் முன்னால் பார்க்கும்போது சாதாரணமாக இருக்கும், பின்னாலிருந்து பார்த்தால் பாதி பட்டை உரிந்து பொந்து விழுந்திருக்கும். திரும்பி வரும்போது கண்ணில் படப்போவது அந்தப் பொந்துதான். அதனால் போகும்போதே திரும்பிப் பார்த்துவிட வேண்டும். சின்ன வயதில் கிராமத்தில் தாத்தா சொல்லிக்கொடுத்தது. நம்பர் போட்டு மனப்பாடம் செய்ய வைக்கவில்லை, கூட நடந்தேன், ஒட்டிக்கொண்டது.

மூன்றாவது, மூக்கு. ஒரு இடத்தில் ஓடைச் சத்தமே கேட்கவில்லை, காற்று திசை மாறிவிட்டது. ஆனால் ஈரமண் வாசனை கீழே வலப்பக்கத்திலிருந்து வந்தது. மண்ணில் இருக்கிற ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை நுண்ணுயிரிகள் ஜியோஸ்மின் என்று ஒரு பொருளை உண்டாக்குகின்றன, அதன் வாசனைதான் அது. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு பிடித்துவிடும். கவனியுங்கள், மனித மூக்கு. கிராமத்து மூக்கு என்று தனியாக எதுவும் கிடையாது. நான் சொன்னதும் மற்ற மூன்று பேருக்கும் அந்த வாசனை தெரிந்தது. "ஆமாம், அப்போதிலிருந்தே வந்துகொண்டிருக்கிறது" என்றார்கள். வந்துகொண்டுதான் இருந்தது. அந்த வாசனைக்கு அடியில் தண்ணீர் இருக்கிறது, தண்ணீர் பக்கத்தில் நாம் ஏறிவந்த பாதை இருக்கிறது என்று அதைக் கொண்டுபோய் முடிச்சுப் போட்ட பழக்கம் அவர்களுக்கு இல்லை, அவ்வளவுதான்.

என்னை எரிச்சல்படுத்துவதும் இந்த இடம்தான். வீட்டுக்கு வந்து இந்தக் கதையைச் சொன்னால், "கிராமத்தில் வளர்ந்தவர்கள் வெள்ளந்தி, மண்ணோடு பேசுவார்கள்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த வெள்ளந்தி என்ற சொல்லே பிடிக்காது. தட்டான் வாலில் நூல் கட்டிப் பறக்கவிட்ட கை இது. ஓணானை விரட்டி விரட்டிக் கல்லெறிந்த கூட்டத்தில் நானும் இருந்தேன். மரத்தடியில் வளர்ந்தால் மனசு தானாக வெளுத்துவிடாது. எத்தனை மத்தியானங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்! அது தியானம் இல்லை. வேறு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அந்தச் சலிப்பில்தான் எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினால் மழை வரும் என்பதைப் பழமொழியாகக் கேட்பதற்கு முன்பே கண்ணால் பார்த்தேன்.

இதற்கு ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது, 2022இல் நேச்சர் இதழில் வந்தது. ஒரு மொபைல் விளையாட்டை வைத்துச் செய்தார்கள். படகை ஓட்டிக்கொண்டு இடங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். 38 நாடுகளைச் சேர்ந்த ஏறக்குறைய 4 லட்சம் பேர் விளையாடியதை எடுத்துப் பார்த்தால், நகரத்துக்கு வெளியே வளர்ந்தவர்கள் வழி கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். இப்போது எங்கே வசிக்கிறார்கள் என்பதில்லை, எங்கே வளர்ந்தார்கள் என்பதுதான் கணக்கு. இதைப் படித்ததும் நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

ஆனால் ஆய்வின் மறுபாதி என் காலரைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டது. சிகாகோ மாதிரி கட்டம் கட்டமாகத் தெரு போட்ட நகரங்களில் வளர்ந்தவர்கள், விளையாட்டிலும் கட்டம் கட்டமாக இருந்த நிலைகளில் நன்றாக ஆடினார்கள். கோணல்மாணலான இடம் வந்தால் எங்கள் பக்கம், நேர்கோடு வந்தால் அவர்கள் பக்கம். என் வாகன நிறுத்த அவமானத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்காது. ஒரே மாதிரி தூண், ஒரே மாதிரி வெளிச்சம், வாசனை என்றால் எல்லாத் தளத்திலும் டயர் வாசனை. திரும்பிப் பார்த்து என்ன செய்ய? பொந்து விழுந்த தூண் ஒன்றாவது வேண்டாமா?

அட, டார்ச் கதையைச் சொல்லாமல் வந்துவிட்டேன். கொஞ்சம் பின்னால் போகிறேன். பாதி வழியில் இருட்ட ஆரம்பித்ததும் போன் வைத்திருந்தவர் டார்ச்சைப் போட்டார். நான் கத்தியே விட்டேன். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக ஏறக்குறைய அரைமணி நேரம் ஆகும். ஒரு தடவை வெளிச்சத்தைக் கண்ணுக்கு நேரே அடித்தால் அத்தனையும் போச்சு, மறுபடி முதலிலிருந்து. டார்ச் வட்டத்துக்குள் இருக்கிற நாலு கல் தெரியும், பாதையின் போக்கு தெரியாது. அணைத்த பிறகு பத்து நிமிடத்தில் நடந்து தேய்ந்த மண் மட்டும் கொஞ்சம் வெளிறித் தெரிந்தது. அவர்களுக்கும் தெரிந்தது. ஒருவர் "இருட்டு இவ்வளவு வெளிச்சமா!" என்றார். அந்த ஒரு வசனத்துக்காகவே கேமரா ஓடியிருக்க வேண்டும், எங்கே, செத்த போன் கையில். பாம்பு இருக்கலாம் என்பதால் கால் வைக்கிற இடத்தில் மட்டும் அவ்வப்போது டார்ச்சைக் கீழே காட்டிக்கொண்டோம். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இதைப் பார்த்து யாராவது இருட்டில் நடக்கக் கிளம்புவீர்கள்.

இன்னொன்று. வழி முழுக்க ஒருவர் தும்மிக்கொண்டே வந்தார், புல்லின் மகரந்தம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. உடனே "மண்ணில் புரண்டு வளர்ந்த உடம்பு" என்று மார்தட்டத் தோன்றியது. ஆனால் அமெரிக்காவில் அமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாயச் சமூகங்களை ஒப்பிட்டு 2016இல் ஓர் ஆய்வு வந்தது. மூதாதையர், வாழ்க்கைமுறை எல்லாம் கிட்டத்தட்ட ஒன்று. இரண்டு பக்கமும் பண்ணைதான். ஆனால் அமிஷ் குழந்தைகளில் ஆஸ்துமா ஏறக்குறைய 5 சதவீதம், ஹட்டரைட் குழந்தைகளில் 21 சதவீதம். ஆய்வாளர்கள் சுட்டிய வித்தியாசம் என்ன தெரியுமா? அமிஷ் வீட்டில் மாட்டுக்கொட்டில் வீட்டை ஒட்டியே இருக்கிறது, குழந்தைகள் அதற்குள்ளேயே விளையாடுகிறார்கள். ஹட்டரைட்டுகள் இயந்திரங்களோடு பெரிய அளவில் விவசாயம் செய்கிறார்கள், கொட்டில் தூரத்தில். வயலுக்கு நடுவில் வளர்ந்தாலும், தினமும் எதைத் தொட்டீர்கள், எதன் தூசியை முகர்ந்தீர்கள் என்பது வேறு கணக்கு. என்னோடு படித்த பையன் ஒருவன், அதே தெரு, அதே வயல். வீட்டை விட்டு வெளியே விடவே மாட்டார்கள். இன்றைக்கும் அவனுக்குக் கிழக்கு எது என்று கேட்டால் கூகுளைக் கேட்பான். தப்பு என்று சொல்லவில்லை, அவன் என்னைவிட நன்றாகப் படித்தான்.

என் பக்கத்துக் குறைகளையும் சொல்ல வேண்டும். கூட்டம் என்றால் இன்னும் எனக்குக் கைகால் ஓடாது. காதில் எதையும் மாட்டிக்கொண்டு நடக்க வராது, உங்களுக்குத் தெரியும். ஜன்னல் திறக்காத அறையில் தூக்கம் வராது என்று தங்குமிடங்களில் நான் செய்கிற ரகளையும் தெரியும்.

அப்புறம், ஒரு வாக்குமூலம். வழி தவறாமல் வந்தோம் என்கிற தோரணையில் சொன்னேன் இல்லையா? ஒரு பிரிவில் தவறான பக்கம் திரும்பி பதினைந்து நிமிடம் போய்விட்டோம். ஓடைச் சத்தம் இடது காதுக்கு மாறியதும்தான் உறைத்தது. திரும்பி வந்து சரியான பாதையைப் பிடித்தோம். கூட வந்தவர்களில் ஒருவர் இந்த வீடியோவைப் பார்ப்பார், அதனால்தான் நானே சொல்கிறேன்.

இன்னொரு திருத்தமும் இருக்கிறது. நேற்று அப்பாவிடம் போனில் பெருமையாக, தாத்தா சொல்லிக்கொடுத்த வித்தை என்றேன். அப்பா சிரிசிரி என்று சிரித்தார். தாத்தாவே இரண்டு தடவை காட்டில் வழி தெரியாமல் நின்று, ஊர் ஆட்கள் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார்களாம். திரும்பிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது பக்கத்து வீட்டில் ஆடு மேய்த்த அக்காவாம். சொன்னதும் ஞாபகம் வந்துவிட்டது. சில நேரம் அந்த அக்கா பத்தடி பின்பக்கமாகவே நடப்பாள், நானும் அப்படியே நடந்து ஒருமுறை முள்ளில் உட்கார்ந்தேன். இத்தனை வருடமாக அதைத் தாத்தா கணக்கில் எழுதி வைத்திருக்கிறேன். அக்காவின் நம்பரை அப்பா விசாரித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கிடைத்ததும் முதலில் இந்த வீடியோவைத்தான் அனுப்பப் போகிறேன். போனுக்குச் சார்ஜ் போட்டுவிட்டு.