இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு மரம்

வணக்கம் உறவுகளே! யாங்கோனில் நல்ல மழை. தகரக் கூரையில் கொட்டுவதால் கொஞ்சம் உரக்கவே பேசுகிறேன். இன்றைக்குத் தூரிகையைத் தொடாமல் ஒரு படம்.

இரண்டு கண்ணாடித் துண்டு. கீழே உள்ளதன் நடுவில் கறுப்பு அக்ரிலிக் பெயிண்ட், கோலிக்குண்டு அளவு. தண்ணீர் சேர்க்காதீர்கள், நீர்த்துப்போனால் சரியாகக் கிளை விடாது. மேலே மற்றதை வைத்து அழுத்துங்கள். வட்டமாகப் பரவிவிட்டதா? சரி, மேல்கண்ணாடியில் டேப்பால் ஒரு பிடி ஒட்டியிருக்கிறேன். அதைப் பிடித்து நேராகத் தூக்குகிறேன். மெதுவாக... ஆகா, வந்துவிட்டது!

பாருங்கள், நடுவில் தடித்த அடிமரம். அதிலிருந்து கிளை, கிளையிலிருந்து கொப்பு, ஓரத்தில் மயிரிழைகள். ஃபோனைக் கிட்டே கொண்டுபோகிறேன். இந்த ஒரு கிளையிலேயே முழு மரத்தின் சாடை தெரிகிறதா? இப்படிப் பகுதிக்குள் முழுமையின் சாயல் திரும்பத் திரும்ப வரும் வடிவங்களுக்கு 1975-ல் ஃபிராக்டல் என்று பெயர் வைத்தார் கணித அறிஞர் மாண்டெல்பிராட். கணக்கில் அது முடிவில்லாமல் உள்ளே போகும். பெயிண்டில் சில படிகள்தான், அதற்குக் கீழே வெறும் வழவழப்பு.

இதை வரைந்தது காற்று. கண்ணாடியைத் தூக்கும்போது ஓரமெங்கும் காற்று உள்ளே நுழையப் பார்க்கிறது. பெயிண்டோ கெட்டி. ஓரிடத்தில் காற்று கொஞ்சம் முந்திவிட்டால் அங்கே தடை குறைகிறது, அதனால் இன்னும் முந்துகிறது. பக்கத்தில் நுழைந்த காற்று நாக்குகள் பின்தங்கி நின்றுவிடுகின்றன. நின்றுபோன நாக்கின் இருபுறமும் இருந்த பெயிண்ட் வரப்புகள் ஒன்றுசேர்ந்து கிளையாகின்றன. 1958-ல் சாஃப்மன், டெய்லர் என்ற விஞ்ஞானிகள் இருவரும் இதற்குக் கணக்கு எழுதினார்கள். ஆனால் 1936-லேயே பாரிஸில் ஓவியர் ஆஸ்கர் டொமிங்கஸ் பெயிண்டை அழுத்திப் பிரித்துப் படமாக்கிவிட்டார். அப்புறம் இன்னொரு ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் அந்தத் திட்டுகளில் பாறையும் காடும் கண்டார்.

விதி ஒன்றுதான், ஆனால் எந்தப் பக்கம் முந்தும் என்பது ஒரு தூசியையும் கைநடுக்கத்தையும் பொறுத்தது. மறுபடி செய்தால் வேறு மரம் வரும், மரமே வராமல் போகாது. அம்மாவின் சிக்குக் கோலத்தில் ஒரு புள்ளி தப்பினால் கோலமே போச்சு. இங்கே அந்தத் தப்புதான் கிளையாகிறது. இதற்காகவே எனக்கு இந்த வேலை மேல் அவ்வளவு ஆசை.

பக்கத்தில் இங்கே பர்மாவின் ஐராவதி ஆற்றின் செயற்கைக்கோள் படத்தை வைக்கிறேன். நம் தாத்தாமார் வயல் வேலைக்கு வந்து இறங்கிய அதே டெல்டா. ஹின்தாடா ஊர்ப் பக்கம் பிரியத் தொடங்கி, ஒன்பது வாயாகக் கடலில் விழுகிறது. அச்சு அசல் இதேதான்! ஆனால் காரணமும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். ஆறு வேகம் குறைந்து வண்டலைப் போட்டுத் தன் வழியைத் தானே அடைக்கிறது, பிறகு வேறு பக்கம் உடைத்துக்கொண்டு போகிறது. அங்கே காற்றுக்கு வேலையில்லை.

இந்தக் கண்ணாடியை அப்படியே காயவைத்துச் சட்டம் போடப்போகிறேன். தாளில் ஒற்றினால் மயிரிழைகள் நசுங்கிவிடும். அடுத்த வீடியோவில் ஒரு மூலையிலிருந்து பிரித்துப் பார்ப்போம், கிளைகள் ஒரே பக்கமாகச் சாயும். நீங்கள் செய்தால் படம் அனுப்புங்கள்.