வெட்டுகிற இடம்

நேயர்களுக்கு வணக்கம். பள்ளி இலக்கணத்தில் 'பொதுமொழி' என்று ஒன்று படித்திருப்பீர்கள். தாமரை என்று சேர்த்துச் சொன்னால் பூ. தா, மரை என்று பிரித்தால் தாவுகிற மான். எழுத்து அதேதான், வெட்டிய இடம் வேறு. நம் செல்கள் நாள் முழுக்கச் செய்வது இந்த வேலையைத்தான்.

பழசாகிப்போன புரதங்களும் சரியாக உருவாகாத புரதங்களும் புரோட்டியசோம் என்ற பீப்பாய்க்குள் நுழைந்து துண்டு துண்டாக வெளியே வரும். அவற்றில் சில, பெரும்பாலும் 8 முதல் 10 அமினோ அமில நீளம் உள்ளவை, எச்எல்ஏ என்ற தாங்கியில் ஏறிச் செல்லின் மேற்பரப்புக்கு வரும். கெட்டுப்போன செல்லைத் தேடி ரோந்து வரும் காவலர், அதாவது டி செல் என்ற நோய் எதிர்ப்பு செல், பார்ப்பது அதைத்தான். திரும்பவும் சொல்கிறேன், முழுப் புரதத்தை அது பார்ப்பதில்லை. துண்டைத்தான்.

இது தெரியவந்த கதை எனக்கு அலுக்கவே அலுக்காது. ஹார்வர்டில் பமீலா பியார்க்மன், டான் வைலி, ஜாக் ஸ்ட்ரோமிங்கர் குழு எச்எல்ஏ வகைகளில் ஒன்றான ஏ2-வைப் படிகமாக்கி எக்ஸ்ரே கொண்டு வடிவம் பார்த்தது. 1987-ல் முடிவு வெளியானது. மேல்பக்கம் ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் ஏதோ ஒன்று, மங்கலாக, உருவம் பிடிபடாமல். எச்எல்ஏவின் எந்தப் பகுதியோடும் அது சேரவில்லை. அவசரக்காரர் என்றால் ஏதோ அழுக்கு என்று ஒதுக்கியிருப்பார். அதுதான் துண்டு! ஏன் மங்கல்? படிகத்தில் கோடானுகோடி மூலக்கூறுகள், அவற்றில் விதவிதமான துண்டுகள். எல்லாப் படமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால் தெளிவாகவா இருக்கும்?

சரி, நோய்க்கு வருவோம். அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற முதுகெலும்பு மூட்டு அழற்சி உள்ளவருக்குக் காலையில் எழுந்ததும் இடுப்பு மரக்கட்டை மாதிரி இருக்கும், நடமாடினால் கொஞ்சம் இளகும். அதற்கும் எச்எல்ஏவின் இன்னொரு வகையான பி27-க்கும் உள்ள உறவு 1973-லேயே தெரிந்துவிட்டது. ஆனால் பி27 உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. அப்புறம் ஈராப்1 மாட்டியது. துண்டின் முனையைச் சீவி அளவுக்குக் கொண்டுவரும் நொதி அது. அந்த நொதியின் மரபு வேறுபாடுகள் பி27 உள்ளவர்களிடம்தான் நோய் ஆபத்தை மாற்றுகின்றன என்று 2011-ல் ஓர் ஆய்வு காட்டியது. மந்தமாகச் சீவும் வகை இருந்தால் ஆபத்து குறைவு. இந்த ஜோடி நோயை எப்படிக் கிளப்புகிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாக்குவாதம்தான். டி செல்லைத் திட்டும் முன் வெட்டுகிறவரைப் பாருங்கள் என்பது என் கட்சி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான். புற்றுநோயைச் சுருக்கிவிடுகிறேன். சில கட்டிகள், எச்எல்ஏவில் ஏறுகிற அறைக்குள் துண்டுகள் போகும் டாப் என்ற வாயிலைக் குறைத்துவிடும். சில, எச்எல்ஏவை நிற்கவைக்கும் பீட்டா2 மைக்ரோகுளோபுலினையே தொலைத்துவிடும். காட்ட ஒன்றும் இல்லை, டி செல் கடந்து போய்விடும். டி செல்லின் பிரேக்கை எடுத்துவிடுகிற புது புற்றுநோய் மருந்துகள் அதை எவ்வளவு முடுக்கினாலும் அதன் கண்ணில் ஏதாவது பட வேண்டாமா? எச்எல்ஏ இல்லாத செல்லைச் சந்தேகப்படும் என்கே செல் என்று ஒன்று உண்டு. அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வந்தேன், மணி ஆகிவிட்டது. வணக்கம்.