தேர் நடை

நேயர்களுக்கு வணக்கம். பரங்கிமலைப் படிக்கட்டில் ஏறியிருக்கிறீர்களா? கிளிமஞ்சாரோ போவதற்கு முன் ஆறு மாதம், விடியற்காலையில் முதுகுப் பை நிறையத் தண்ணீர் பாட்டில்களோடு அங்கேதான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். கால் பழகிவிடும். மூச்சுக்குக் காற்று குறைவதைப் பழக மட்டும் கடலோரத்தில் இருக்கும் நமக்கு வழியே இல்லை.

தான்சானியாவில் இருக்கும் அந்த மலையின் உயரம் 5,895 மீட்டர். உச்சியில் கிடைக்கும் ஆக்சிஜன் இங்கே கிடைப்பதில் ஏறத்தாழ பாதிதான். வழிகாட்டி இல்லாமல் ஏற விடமாட்டார்கள். எங்கள் வழிகாட்டி முதல் நாளே சொல்லிக்கொடுத்த சுவாஹிலிச் சொல், ‘போலே போலே’. மெல்ல, மெல்ல. மயிலாப்பூரில் தேருக்கு முன்னால் நடப்போமே, அந்த நடை.

எங்கள் குழுவில் ஒரு தம்பி, தினமும் மெரினாவில் ஓடுகிறவன், அவனுக்கு இந்த நடை பிடிக்கவேயில்லை, வழிகாட்டியையும் தாண்டிப் போய் ஒவ்வொரு வளைவிலும் எங்களுக்காகக் காத்திருந்தான். முதல் இரவு மண்டாரா குடில், 2,720 மீட்டர், நம் தொட்டபெட்டாவைவிடக் கொஞ்சம் அதிகம். மறுநாள் ஹோரோம்போ, 3,720. உடம்பு பழகட்டும் என்று அங்கே ஒரு நாள் கூடுதலாகத் தங்கி, பகலில் மேலே ஏறி, இரவில் கீழே வந்து தூங்கவேண்டும். அன்று ராத்திரி அவன் சாப்பாட்டைத் தொடவில்லை. தலை வலிக்கிறதா என்று வழிகாட்டி தினமும் போல ஒவ்வொருவரையும் கேட்டார். இல்லை என்றான். அப்புறம் என்னிடம் தமிழில், “அக்கா, தலை பிளக்குது, சொல்லிடாதீங்க, இறக்கிவிட்டுடுவாங்க” என்றான்.

நான் சொல்லிவிட்டேன். இன்றைக்கும் அதையேதான் செய்வேன். தலைவலியோடு இன்னும் மேலே போனால் மூளையில் நீர் கோத்துக்கொள்ளலாம், குடித்தவர் போல நடை தள்ளாடும், அது உயிர் போகும் விஷயம், அதற்கு முதல் மருந்து கீழே இறங்குவதுதான். திரும்பவும் சொல்கிறேன், தலை வலித்தால் வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள். வேகமாக ஓடுகிறவர், இளவயதுக்காரர் என்றெல்லாம் அந்த உயரம் பார்ப்பதில்லை. காலையில் உதவி வழிகாட்டியோடு அவன் இறங்கினான், மண்டாராவைத் தாண்டும்போதே வலி விட்டுவிட்டதாம். என்னோடு பேச அவனுக்கு ஒரு வாரம் ஆனது. பரவாயில்லை.

உச்சிக்கு நள்ளிரவில் கிளம்பியதைச் சொல்ல நினைத்திருந்தேன், நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சரி, இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். நம் மூட்டையைச் சுமக்கிறவருக்கு 20 கிலோதான் வரம்பு. மலை வாசலில் எடை போடும்போது பக்கத்தில் நில்லுங்கள், அவர்களுக்கான டிப்ஸ் பணத்தை இங்கிருந்தே தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.