ரெண்டு வரித் தந்தியும் ஒரு வால்மீனும்

மேல பாருங்க, ஒரு நட்சத்திரம் கூடத் தெரியல. டெலஸ்கோப்பை மாடிக்குத் தூக்கிட்டு வந்ததுதான் மிச்சம். சரி, கேமரா ஆன்லதான் இருக்கு, இதே மாதிரி ஒரு மேகத்துல மாட்டினவர் கதையைச் சொல்லிடறேன்.

1872 நவம்பர் 30, ராத்திரி. நுங்கம்பாக்கத்துல இப்போ வானிலை மையம் இருக்கிற வளாகத்துலதான் அப்போ மெட்ராஸ் வானாய்வகம் இருந்துச்சு. பொறுப்புல இருந்தவர் நார்மன் போக்சன். ஜெர்மனியில கோட்டிங்கன்ல இருந்து கிளிங்கர்ஃபியூஸ்னு ஒரு வானியலாளர் அவருக்குத் தந்தி அடிக்கிறாரு: பீலா 27-ம் தேதி பூமியைத் தொட்டுடுச்சு, தீட்டா சென்டாரி பக்கத்துல தேடுங்க. அவ்ளோதான்!

பீலாங்கிறது ஒரு வால்மீன். 1846-ல ரெண்டா உடைஞ்சுது, 1852-க்கு அப்புறம் ஆளையே காணோம். திடீர்னு 1872 நவம்பர் 27 அன்னிக்கு ஐரோப்பா வானத்துல எரிகல் மழை. வால்மீன் நம்மளை உரசிட்டு அந்தப் பக்கம் போகுதுன்னு கிளிங்கர்ஃபியூஸ் கணக்குப் போட்டாரு. அந்தப் பக்கம்னா தெற்கு வானம். தீட்டா சென்டாரிங்கிற நட்சத்திரம் கோட்டிங்கன்ல அடிவானத்தை விட்டு எழும்பவே எழும்பாதுன்னு வெச்சுக்கலாம். நம்ம சென்னையில நல்லாவே மேல வரும்.

ஆனா அது கார்த்திகை மாசம், மெட்ராஸ்! ரெண்டு விடிகாலை மேகமும் மழையும். மூணாவது நாள், டிசம்பர் 3, அஞ்சே கால் மணி வாக்குல மேகம் கொஞ்சம் விலகுது. வாலே இல்லாம வட்டமா ஒண்ணு! போக்சன் மறுநாளும் பார்த்தாரு, அன்னிக்கு லேசா வாலும் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் திரும்ப மேகம். பாதையைக் கணக்குப் போட மூணு நாள் இடமாவது வேணும், கிடைச்சது ரெண்டுதான். பின்னாடி கணக்குப் பார்த்தவங்க, அது பீலாவே இல்லைங்கிறாங்க. தப்பான காரணத்துக்குத் தேடி வேற வால்மீனைப் பிடிச்ச ஆள் இவராத்தான் இருக்கும்!

அந்தத் தந்தியில தேதியைத் தவிர எண்ணே இல்ல, கவனிச்சீங்களா? ஒரு நட்சத்திரப் பேர்தான். எல்லா வால்மீனுக்கும் அப்படி வசதியா பக்கத்துல ஒரு நட்சத்திரம் உக்காந்திருக்காது. நேரம், இடம், நகர்ற வேகம், எல்லாமே எண்தான். தந்தி அடிக்கிறவருக்கு அதுல ஒண்ணும் புரியாது. ஒரு 3 எங்கயோ 8 ஆயிட்டா, வெறும் வானத்தைத்தான் பார்த்துட்டு நிக்கணும்.

1881-ல பாஸ்டன்ல சாண்ட்லர், ரிட்சினு ரெண்டு பேர் இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. ஒரு அகராதியை எடுத்துக்கோ, எண்ணை வார்த்தையா மாத்து. இதோ வீட்டுல இருக்கிற பழைய தமிழ் அகராதி. 18432-ன்னா 184-ம் பக்கம், 32-வது சொல். இருங்க, எண்ணிக்கிறேன்... விட்டுட்டேன், மறுபடியும். கடுக்காய்! தந்தியில உங்களுக்கு "கடுக்கய்"னு வந்தாலும் கடுக்காய்னு கண்டுபிடிச்சிடுவீங்க. எண்ணுல அந்த வசதி கிடையாது.

1882-ல ஜெர்மனியில கீல் நகரத்துல, இந்த மாதிரி வானச் செய்திக்குன்னே தந்தி மையம் வந்துச்சு. அது முதல் உலகப் போர்ல கோபன்ஹேகன் போயி, 1965-ல அமெரிக்காவுல கேம்பிரிட்ஜ் போச்சு. பின்னாடி அஞ்சஞ்சு இலக்கமா எண்ணையே அனுப்பி, கடைசியில எல்லாத்தோட கூட்டுத்தொகையையும் சேர்த்தாங்க. மளிகைக் கடை பில் மாதிரிதான். கூட்டு இடிச்சா எங்கயோ தப்பு.

1995-ல கூட, ஒரு புது வால்மீனைப் பார்த்ததும் தாமஸ் பாப் தந்திதான் கொடுத்தாரு. அது போய்ச் சேர்றதுக்குள்ள, அதே வால்மீனைப் பார்த்த ஆலன் ஹேல் மின்னஞ்சல் போட்டுட்டாரு. அதான் ஹேல்-பாப் வால்மீன்!

சரி, இதை எழுதிக்கோங்க: 51207, 30481, 16650, கூட்டு 98275. ஒரு எண்ணுல மட்டும் பக்கத்துப் பக்கத்து இலக்கம் ரெண்டு இடம் மாறியிருக்கு. கூட்டு சரிதான். எது மாறினதுன்னு கமெண்ட்ல போடுங்க. மழை தூறுது, நான் டெலஸ்கோப்பை உள்ள எடுத்துட்டுப் போறேன்.