திரையை மூடினால் ஜன்னல் வளையும்: கேரவன் ஜன்னலுக்கு நிழலை எங்கே கட்ட வேண்டும்?

வணக்கம். கேரவனுக்குள் வெயில் அடிக்கத் தொடங்கியதும் பெரும்பாலோர் செய்யும் முதல் வேலை, ஜன்னலின் உள்பக்கத் திரையை மேலிருந்து கீழ்வரை இழுத்து மூடுவதுதான். அப்படிச் செய்தால் உள்ளே வெக்கை பெரிதாகக் குறையாது என்பதோடு, ஜன்னலே வளைந்து கெட்டுப்போகவும் கூடும். அது ஏன், அதற்குப் பதிலாக என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

கேரவன் என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்களுக்காக நிற்கும் வண்டி சிலருக்கு நினைவுக்கு வரலாம். நான் சொல்வது, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் சின்ன வீட்டை. ஆஸ்திரேலியாவில் டிசம்பர், ஜனவரி மாதங்கள்தான் கோடை. பள்ளி விடுமுறையும் அப்போதுதான். விக்டோரியா மாநிலத்தில் மர்ரே ஆற்றங்கரையில் இருக்கும் மில்டுராவை எடுத்துக்கொள்வோம். அங்கே ஜனவரியில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. அந்நாட்டிலேயே மிக அதிகமாகப் பதிவான வெப்பம் 50.7 டிகிரி, 1960 ஜனவரி 2 அன்று ஊட்னடாட்டாவிலும், 2022 ஜனவரி 13 அன்று ஆன்ஸ்லோவிலும் அது பதிவானது. இவையெல்லாம் நிழலில், காற்று புகுந்து வெளியேறும் வெள்ளைப் பெட்டிக்குள் வைத்த வெப்பமானி காட்டிய அளவுகள் என்பதை மறந்துவிடக் கூடாது.

(காட்சி: ஜன்னல் பலகையின் ஓரம், மிக அருகில்)

இது கண்ணாடி அல்ல, அக்ரிலிக் எனும் பிளாஸ்டிக். இன்றைய கேரவன்களில் பெரும்பாலும் இரண்டு அக்ரிலிக் தகடுகளை நடுவில் இடைவெளி விட்டு ஒட்டித்தான் ஜன்னல் செய்கிறார்கள். எடை குறைவு, எளிதில் உடையாது. ஆனால் சூடு ஏறினால் கண்ணாடியைவிட ஏழெட்டு மடங்கு விரியும். 100 டிகிரியை நெருங்கும்போது இளகத் தொடங்கிவிடும். சூரிய ஒளி இந்தத் தகட்டை எளிதாகக் கடந்து உள்ளே வந்து, மூடிய திரையின் மேல் விழுந்து வெப்பமாக மாறுகிறது. அந்த வெப்பம் திரும்பி வெளியேறத் தகடு வழிவிடுவதில்லை. திரைக்கும் தகட்டுக்கும் நடுவே இருப்பது இரண்டு விரல் அகலம்கூட இல்லாத, நான்கு பக்கமும் அடைபட்ட காற்று. அது மணிக்கணக்கில் காய்ந்துகொண்டே இருக்கிறது. வாடகைக்கு எடுத்த ஒரு கேரவனில், மேற்குப் பக்கத் திரைகளை முழுவதும் மூடிவிட்டு மதியம் ஆற்றுக்குப் போனோம். மாலையில் திரும்பி வந்து பார்த்தால், படுக்கையருகே இருந்த ஜன்னலின் உள்தகடு நடுவில் பொரித்த அப்பளம் போல எழும்பி நின்றது. ஆறிய பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கீழ் ஓரத்தில் ரப்பர் பட்டைக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது. கடும் வெயிலில் திரையை முழுவதும் மூடி வைக்காதீர்கள் என்று பல தயாரிப்பாளர்களின் கையேடுகளே எச்சரிக்கின்றன. அந்தப் பக்கத்தை நாங்கள் படித்திருக்கவில்லை.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். இந்த வீடியோவில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

மில்டுராவில் ஜனவரி மாதத்தில், கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கும் கோடைக்கால நேரக் கணக்குப்படி மாலை எட்டரை மணிக்குப் பிறகுதான் சூரியன் மறைகிறது. ஆறு மணிக்கு அது ஏறக்குறைய நேர் மேற்கில், தரையிலிருந்து 30 டிகிரி உயரத்தில் நிற்கும். அந்த நேரத்தில் மேற்கு நோக்கிய ஒரு ஜன்னலில், சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 700 வாட் வெயில் விழும். ஜன்னலின் அகலம் 1.2 மீட்டர், உயரம் 0.6 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், தகடுகள் தடுத்தது போக உள்ளே வருவது சுமார் 400 வாட். ஓய்வாக உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடல் வெளியிடும் வெப்பம் ஏறத்தாழ 100 வாட். அப்படியானால், வெயில் விழும் அந்த ஒரே ஜன்னல் வழியாக, நான்கு பேர் உள்ளே வந்து உங்கள் அருகில் உட்கார்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அதே பக்கத்தில் அதே அளவில் மூன்று ஜன்னல்கள் இருந்தால் பன்னிரண்டு பேர். நீங்கள் நான்கு பேராகப் பயணம் வந்திருக்கிறீர்கள். ஆனால் கூரையிலிருக்கும் ஏசி பதினாறு பேருக்கு உழைத்துக்கொண்டிருக்கிறது. உள்பக்கத் திரை இந்த விருந்தாளிகளை வாசலில் நிறுத்துவதில்லை; அவர்கள் உள்ளே வந்த பிறகு கண்ணில் படாமல் மறைக்கிறது, அவ்வளவுதான். நிழல் ஜன்னலுக்கு வெளியே விழ வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

செலவில்லாத நிழல், வண்டியை நிறுத்தும் திசையிலேயே இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் சாலையின் இடப்பக்கம் ஓட்டுவதால், கேரவனின் கதவும் ஆவ்னிங் எனப்படும் இழுப்புப் பந்தலும் இடப்பக்கத்தில்தான் இருக்கும். வண்டியின் முகத்தைத் தெற்கே பார்த்து நிறுத்தினால் கதவு கிழக்கே அமையும். மதியத்துக்கு மேல் கேரவனின் நிழலே வாசலில் விழும். வலப்பக்க ஜன்னல்கள் மட்டும் மேற்கு வெயிலுக்குக் காட்டிக்கொண்டு நிற்கும். வேலை அந்தப் பக்கத்தில்தான்.

(காட்சி: நிழல் வலையைக் கையில் விரித்துக் காட்டுதல்)

நாற்றங்கால்களுக்கு மேலே கட்டியிருப்பார்களே, அதே நிழல் வலைதான் இதற்கும் கைகொடுக்கிறது. பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னிச் செய்த இதைக் கத்தரியால் எங்கே வெட்டினாலும் ஓரம் பிரியாது. 50 சதவீதம், 70 சதவீதம், 90 சதவீதம் என்று அது தடுக்கும் வெயிலின் அளவைச் சொல்லி விற்கிறார்கள். 70 சதவீத வலையை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டால், நம் நான்கு விருந்தாளிகளில் ஏறத்தாழ மூன்று பேர் வாசலோடு திரும்பிவிடுவார்கள். ஓட்டை இருக்கிறதே, இது எப்படி நிழல் தரும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஓட்டைதான் இதன் பெருமையே. தார்ப்பாயைக் கட்டினால் அதன் பின்னால் வெந்நீராவி போலக் காற்று தேங்கும். வலையிலோ சூடேறிய காற்று கண்கள் வழியாகவும் மேல் ஓரம் வழியாகவும் வெளியேறிக்கொண்டே இருக்கும். உள்ளிருந்து பார்த்தால் ஆறும் தெரியும், அக்கரை யூகலிப்டஸ் மரங்களும் தெரியும். வலை ஜன்னலை ஒட்டிக் கிடக்கக் கூடாது. குறைந்தது ஒரு சாண் விலகி நிற்க வேண்டும். கூரை விளிம்பில் ஓடும் அலுமினியக் காடிக்குள், அதாவது நீளப் பள்ளத்துக்குள், வலையின் மேல் ஓரத்தைச் செருகி, கீழ் ஓரத்தைக் கயிறு கட்டித் தரையில் சாய்வாக முளையடித்துவிட்டால், அந்தச் சாய்வே இடைவெளியைக் கொடுத்துவிடும். மேல்நோக்கித் திறக்கும் ஜன்னலைக் கொஞ்சம் திறந்தும் வைக்கலாம். குளிர்சாதனப் பெட்டியின் காற்றுத் துளைகளை மட்டும் எதனாலும் அடைத்துவிடாதீர்கள்.

வெளியே கட்ட வழியே இல்லை என்றால், உள்திரையை முக்கால் பங்கு மட்டும் இறக்கி, கீழே இடைவெளி விட்டு, ஜன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள். காருக்கு ஒட்டும் கறுப்புப் படலத்தை அக்ரிலிக்கில் ஒட்டுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். குமிழ் விடும், தகட்டில் மயிரிழை விரிசல்களும் வரக்கூடும். கூரையில் இருக்கும் சின்ன ஜன்னலையும் மறந்துவிடாதீர்கள். கோடை நண்பகலில் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் நிற்பதால் அப்போது அதிக வெயில் வாங்குவது அதுதான்.

காற்றைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஆஸ்திரேலியாவின் தெற்குப் பகுதிகளில் கோடையில் சில நாட்கள், நாள் முழுவதும் வடக்கிலிருந்து அனல் காற்று வீசும். பிறகு சில நிமிடங்களுக்குள் திசை மாறித் தென்மேற்கிலிருந்து குளிர்ந்த காற்று பலமாக அடிக்கும். அந்த முதல் வீச்சில் பந்தல்கள் கூரைக்கு மேலே புரண்டு போவதுண்டு. வானிலை அறிவிப்பில் மாற்றம் வரும் என்று சொல்லியிருந்தால், வலையின் முளைகளைப் பிடுங்கிச் சுருட்டி வைத்துவிட்டுக் கடைக்குப் போங்கள். வலது பக்கத்தில் காடி இல்லாத பழைய கேரவன்களில் வலையை வேறு எப்படிக் கட்டுகிறீர்கள் என்று கருத்துப் பகுதியில் படத்தோடு எழுதுங்கள். நன்றாக நிற்கும் முறைகளை அடுத்த வீடியோவில் கட்டிக் காட்டுகிறேன்.