பஸ்ஸுக்கு உள்ள பெர்மிட் விமானத்துக்கு ஏன் இல்லை?

(மட்டக்களப்பில் பொதுமக்கள் முன்னிலையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

சபையோருக்கு வணக்கம்.

நம்மூர் திமிலதீவு விமான நிலையத்திலிருந்தே தொடங்குவோம். 1958 இல் திறந்தார்கள். 1983 இல் விமானப்படையிடம் போனது. பின்னர் ஓடுபாதையைப் புதுப்பித்து, 1,066 மீற்றராக இருந்ததை 1,560 மீற்றராக நீட்டி, 2016 ஜூலையில் சிவில் பாவனைக்கு மறுபடி திறந்தார்கள். இங்கிருந்து கொழும்பு நேர்கோட்டில் ஏறக்குறைய 220 கிலோமீற்றர். சின்ன விமானத்துக்கு ஒரு மணித்தியாலம் போதும். ஆனாலும் காலையில் கொழும்புப் பக்கம் மஹரகமவிலோ பொரளையிலோ கிளினிக் இருக்கிற நம்மூர் ஆள் முதல் நாள் இரவு ரயிலில்தான் ஏறுகிறார். எட்டு, ஒன்பது மணித்தியாலம் குந்தியிருந்தே போகிறார்.

ஓடுபாதை போட்டால் விமானம் தானாக வரும் என்பது பழைய நம்பிக்கை. குளம் வெட்டினால் மழை பெய்யும் என்பது போலத்தான் இதுவும்.

இதே ஊரிலிருந்து கொழும்புக்குப் போகும் பஸ்ஸைப் பாருங்கள். மாகாணம் விட்டு மாகாணம் ஓடும் பஸ்ஸுக்குப் பெர்மிட் கொடுத்துத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு பார்த்துக்கொள்கிறது. 1991 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த அமைப்பு அது. எந்தப் பாதை, எத்தனை மணிக்கு, என்ன காசு, மூன்றையும் அங்கே சேர்த்தே கட்டுகிறார்கள். டீசல் விலை, டயர், சம்பளம் எல்லாம் போட்டுக் கணக்குப் பார்த்துத்தான் கட்டணம் மாறுகிறது. ஆள் குறைவு என்று ஹபரணையில் பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு வர எந்தச் சாரதிக்கும் அனுமதியில்லை.

விமானத்துக்குப் பொறுப்பு சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபை. 2002 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தில் பிறந்தது. 2010 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம் அதன் கையிலுள்ள முக்கிய ஆயுதம். விமானியின் தகுதி, இயந்திரப் பராமரிப்பு, ஓடுபாதைத் தரம் எல்லாவற்றையும் அது சோதிக்கிறது. அது கட்டாயம் நடக்க வேண்டிய வேலை, அதில் குறை சொல்ல வரவில்லை. ஆனால் விமானக் கம்பனிக்கு அது கொடுக்கும் நடத்துநர் சான்றிதழ் என்பது ‘நீ பறக்கலாம்’ என்ற அனுமதி மட்டுமே. ‘செவ்வாய்க்கிழமை காலை 6 மணிக்கு மட்டக்களப்பிலிருந்து பறந்தே ஆக வேண்டும்’ என்று அது யாரையும் கட்டாது. அந்தக் கட்டாயத்தை எழுதும் கடதாசிதான் நமக்கு வேண்டியது.

இனிக் காசுக் கதைக்கு வருவோம். ‘ஏன் இவ்வளவு விலை? அரசாங்கம் உச்ச விலை போட வேண்டியதுதானே?’ என்று கேட்பார்கள். ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பறப்புக்கு 360,000 ரூபா முடிகிறது என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். 12 ஆசனமும் நிரம்பினால் ஆளுக்கு 30,000. ஆறு பேர் வந்தால் 60,000. செலவு குறைவதில்லை. ஆறு பேர் வந்தாலும் விமானிக்கு அதே சம்பளம், தீயணைப்பு வண்டி அதே இடத்தில் நிற்க வேண்டும். குறுந்தூரம் என்பதால் எரிபொருளும் மிஞ்சாது. விமானம் அதிகம் குடிப்பது மேலே ஏறும்போதுதான். ஏறி முடித்து மட்டமாகப் பறக்கத் தொடங்கியதும் இறங்கும் நேரம் வந்துவிடும். உறுப்புகள் பலவற்றின் ஆயுளை மணித்தியாலத்தில் மட்டுமல்ல, எத்தனை தடவை ஏறி இறங்கியது என்றும் எண்ணுகிறார்கள். நீண்ட தூரம் ஒருமுறை போவதை விட, குறுந்தூரம் நாலுமுறை போனால் தேய்மானம் கூட.

இந்த நிலையில் 20,000 ரூபா உச்ச விலை என்று வர்த்தமானியில் மட்டும் போட்டால் என்ன நடக்கும்? முழுக்க நிரம்பினாலும் 240,000 தான் சேரும். ஒவ்வொரு பறப்பிலும் 120,000 துண்டு விழும். கம்பனி அடுத்த மாதமே விமானத்தை உல்லாசப் பயணிகள் பக்கம் திருப்பிவிடும். கட்டணம் மலிவாக இருக்கும், பறப்புத்தான் இருக்காது. அந்தத் துண்டை யார், எந்த நிபந்தனையில் கட்டுவது என்பதுதான் மேற்பார்வையின் நடு முள்.

இன்னொரு சூட்சுமம், ‘இவ்வளவு ரூபாவிலிருந்து’ என்ற விளம்பரம். விமான ஆசனங்களைப் படிப்படியான விலையில் பிரித்து விற்பார்கள். மலிவு விலையில் இரண்டோ மூன்றோ ஆசனம், அது முடிந்ததும் அடுத்த படி. கடைசி நேரத்தில் வருபவருக்கு உச்சப் படி. நம்மூரில் கடைசி நேரத்தில் வருபவர் யார்? மரண வீட்டுக்குப் போகிறவர், நோயாளியோடு போகிறவர். ஆகவே மேற்பார்வை பார்க்க வேண்டியது ஆகக் குறைந்த விலையையல்ல. ஒவ்வொரு படியிலும் எத்தனை ஆசனம் விற்றது, புறப்பட மூன்று நாள் இருக்கையில் என்ன விலை என்ற இரண்டையும்தான்.

12 ஆசனம் என்ற பேச்சையும் அப்படியே நம்பக்கூடாது. சின்ன விமானத்தில் ஏறுமுன் பையை நிறுத்த பிறகு ஆளையும் தராசில் ஏறச் சொல்வார்கள். கூச்சப்பட வேண்டாம், எல்லோரையும்தான். நம்மூரில் மத்தியானம் 33 பாகை வெயில் அடிக்கும்போது காற்று ஐதாகிறது. இறக்கைக்குத் தூக்கும் பலம் குறைகிறது, இயந்திரத்துக்கு முன்னே இழுக்கும் பலமும் குறைகிறது. ஓடுபாதை நீளம் மாறாததால் பாரத்தைத்தான் குறைக்க வேண்டும். கடதாசியில் 12, பறப்பது 9 என்று ஆகலாம். எனவே ஒப்பந்தத்தில் ‘விமானத்திலுள்ள ஆசனம்’ என்று எழுதாமல் ‘விற்பனைக்கு விடும் ஆசனம்’ என்று எழுத வேண்டும். காலைப் பறப்பு கேட்பதற்கும் இதுவே காரணம்.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள்? அமெரிக்கா 1978 இல் விமானக் கட்டணக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. சிற்றூர்கள் கைவிடப்படும் என்று தெரிந்ததால் அதே சட்டத்திலேயே அத்தியாவசிய விமானச் சேவைத் திட்டத்தையும் வைத்தார்கள். மானியம், பறந்து முடித்த பறப்புக்கு மட்டும். ரத்துச் செய்தால் காசு இல்லை. விலக நினைக்கும் கம்பனி 90 நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும் என்பது அங்கு நெடுநாள் இருந்த விதி. மாற்றுக் கம்பனி கிடைக்கும் வரை அதைப் பிடித்து வைக்கவும் அதிகாரம் உண்டு. ஐரோப்பாவில் 2008 ஆம் ஆண்டின் 1008 ஆம் இலக்க ஒழுங்குவிதி, தொடர்ச்சி, ஒழுங்கு, கட்டணம், குறைந்தபட்ச ஆசனம் ஆகியவற்றைக் கடமையாக விதிக்க அரசுகளுக்கு இடம் கொடுக்கிறது.

மேற்கு அவுஸ்திரேலியா 2022 ஜூலையில் பிராந்தியவாசிகளுக்கு உச்ச விலை வைத்தது. பேர்த்துக்கு ஒருவழிப் பயணம் 1,000 கிலோமீற்றருக்குள் என்றால் 199 அவுஸ்திரேலிய டொலர், அதற்கு மேல் 299. மிச்சத்தை மாநில அரசு கம்பனிக்குக் கட்டுகிறது. இங்கே அதைச் செய்தால் ‘பிராந்தியவாசி’ யார் என்பதே முதல் தலையிடி. அடையாள அட்டையில் கொழும்பு வெள்ளவத்தை முகவரி, வீடு இங்கே களுவாஞ்சிகுடியில் என்று எத்தனை பேர்! கிராம சேவகர் சான்றிதழ் ஏற்கப்படுமா என்பதை முதலிலேயே எழுதிவிட வேண்டும்.

நமக்கு மிக நெருங்கிய பாடம் இந்தியாவின் உடான் திட்டம். 2016 இல் அறிவித்து, 2017 ஏப்ரலில் முதல் விமானத்தை விட்டார்கள். ஒரு மணித்தியாலப் பயணத்தில் குறிப்பிட்ட ஆசனங்களுக்கு அப்போது 2,500 இந்திய ரூபா உச்சம், துண்டு விழுவதை ஈடுகட்ட மூன்று வருட மானியம், அந்த வழிக்குத் தனியுரிமை. அழகான வடிவம்தான். ஆனால் 2023 இல் வந்த கணக்காய்வு அறிக்கையைப் படியுங்கள்: கொடுத்த வழித்தடங்கள் 774, அவற்றில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371 இல் மூன்று வருடத்தை முடித்தவை 112. அதற்குப் பிறகும் நீடித்தவை 54 மட்டும். சேலம்–சென்னைப் பறப்பு 2018 இல் தொடங்கி, 2021 இல் நின்று, 2023 இல்தான் திரும்பி வந்தது. எந்தக் கம்பனி குறைந்த மானியம் கேட்கிறது என்று பார்த்தார்கள். விமானம் கையில் இருக்கிறதா, பழுதானால் மாற்று விமானம் உண்டா என்பதை அதே கண்டிப்போடு பார்க்கவில்லை என்பதே என் கணிப்பு.

அதனால் கம்பனிகளை அழைக்கும் நமது கேள்விப்பத்திரத்தில் (டெண்டரில்) மாற்று விமானம் எங்கே நிற்கும் என்ற வரி கட்டாயம் வேண்டும். வாரத்தில் ஐந்து நாள், காலை போய் மாலை திரும்பும் நேரம். டொலரில் அல்லாமல் ரூபாவில் கட்டணம். எரிபொருள் விலை மாறினால் பஸ்ஸுக்கு உள்ளதுபோல் வெளிப்படையான கணக்கு. ஒவ்வொரு மாதமும் பறந்தது, ரத்தானது, பிந்தியது, விற்ற விலை ஆகிய நான்கும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவின் மேசைக்கு வர வேண்டும். ‘வர்த்தக இரகசியம்’ என்று கம்பனி சொல்லும். பொதுப்பணம் வாங்கும் வழித்தடத்தில் அந்தச் சாட்டு எடுபடாது என்று ஒப்பந்தத்திலேயே போடலாம்.

கேள்விப்பத்திரத்துக்கு முந்திய வேலை ஒன்று இருக்கிறது. எத்தனை பேர் போகிறார்கள் என்று எண்ண வேண்டும். நான்கு வாரம், இரவு ரயிலிலும் கல்முனை, அக்கரைப்பற்று, காத்தான்குடி, ஏறாவூர் இரவு பஸ்களிலும். உகணையில் விமானப்படைத் தளம் இருப்பதால் அம்பாறைப் பக்கத்தைத் தனியாக எண்ணிக்கொள்ளலாம். ஆளிடம் மூன்று கேள்வி போதும்: எதற்குப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள், ஒரு மணித்தியாலத்தில் போக எவ்வளவு கொடுப்பீர்கள். திருவிழா வாரத்தையும் பாடசாலை விடுமுறையையும் தவிர்த்துவிட வேண்டும். அந்த நாட்களில் எண்ணினால் இலக்கம் ஊதிவிடும், கம்பனி வந்து மூன்றாம் மாதம் கையை விரிக்கும். படிவம் ஒரே பக்கம்தான், வாசலில் வைத்திருக்கிறோம். எண்ண வர விரும்புகிறவர்கள் எந்த இரவு, எந்தத் தரிப்பிடம் என்று எழுதிவிட்டுப் போங்கள்.